கருவிலிருக்கும் இரட்டையருக்கு லேசர் சிகிச்சை செய்யும்போது, உள்ளே எப்படிப் பார்க்கிறார்கள்? லேசர் குழந்தை மேல் பட்டுவிடாதா?

லேசர் குறிவைப்பது குழந்தையை அல்ல, கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சை (பிளசென்டா). நான் மருத்துவர் இல்லை. முதுகலைப் படிப்பில் இந்த அறுவை சிகிச்சையின் வீடியோக்களோடு ஒன்றரை வருடம் மல்லுக்கட்டியவன். அதனால் 'எப்படிப் பார்க்கிறார்கள்' என்பதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது.

ஒரே நஞ்சைப் பங்குபோட்டு வளரும் இரட்டையரில் 10 முதல் 15 சதவீதம் கர்ப்பங்களில், இருவருக்கும் இடையே ரத்தம் ஏற்றத்தாழ்வாகப் பாயும் சிக்கல் (ஆங்கிலத்தில் TTTS) வருகிறது. இருவரின் ரத்தக்குழாய்களும் நஞ்சில் இணைந்திருப்பதால் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கும் குழந்தையின் பனிக்குட நீர் வற்றிவிடும். வாங்கும் குழந்தைக்கோ நீர் பெருகி இதயம் திணறும். அந்த இணைப்புகளை லேசரால் சுட்டு அடைப்பதுதான் சிகிச்சை. அமெரிக்காவின் ஜூலியன் டி லியா 1990இல் இதை முதலில் வெளியிட்டார். 2004இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், லேசர் செய்தவர்களில் 76 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு குழந்தையாவது பிழைத்தது; நீரை மட்டும் வடித்தவர்களில் 56 சதவீதம்.

சரி, பார்வைக்கு வருவோம். முதலில் அல்ட்ராசவுண்டில் நஞ்சும் குழந்தைகளும் எங்கே என்று பார்த்து, தாயின் வயிற்றில் சின்னத் துளையிட்டு 2, 3 மி.மீ. தடிமனுள்ள ஃபீட்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை நுழைக்கிறார்கள். அதற்குப் பிறகு தெரிவதெல்லாம் ஒரு சின்ன வட்டம்தான். இருட்டறையில் பென் டார்ச் அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய வரைபடத்தைப் படிப்பது மாதிரி. நீர் கலங்கியிருக்கும், துகள்கள் மிதக்கும், நடுவில் ஒரு குட்டிக் கை குறுக்கே வந்துவிட்டுப் போகும். நஞ்சு வயிற்றின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் இன்னும் கஷ்டம். நேரான குழாயைக் கொண்டு தலைக்கு மேலே பார்க்க முடியாதே.

இதில் என்னைக் குழப்பியது நிறம். நாம் பள்ளியில் படித்ததற்கு நேர்மாறாக இங்கே தமனிதான் கருத்திருக்கும், சிரை பளிச்சென்று சிவந்திருக்கும். ஏனென்றால் ஆக்சிஜன் ஏற்றுவது நஞ்சுதான், குழந்தையின் நுரையீரல் இல்லை. தமனி பெரும்பாலும் சிரைக்கு மேலே தாண்டிப் போகும். இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்துத்தான் எந்தக் குழாய் எந்தக் குழந்தையுடையது என்று தொடர்ந்து போகிறார்கள். ஒரு இணைப்பு விடுபட்டாலும் ரத்தம் அதன் வழியே போகும். அதனால்தான் சுட்ட புள்ளிகளை நஞ்சின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே கோடாகச் சேர்த்துச் சுடும் 'சாலமன்' முறை வந்தது.

எங்கள் வேலை, அந்தச் சின்ன வட்டங்களை ஃபோன் பனோரமா போல ஒட்டி முழு வரைபடம் செய்வது. ஃபோனில் ஒரு நொடியில் ஆவது இங்கே ஆகாது: ஒட்டுவதற்குப் பிடிமானம் ரத்தக்குழாய்கள் மட்டுமே, பாதி நேரம் அதுவும் மங்கல். ஒவ்வொரு படத்திலும் ஒரு இம்மி தப்பினால் நூறாவது படத்தில் நஞ்சு ஜிலேபியாகச் சுருண்டுவிடும் (எனக்கு நிறைய ஜிலேபி கிடைத்தது). அப்புறம்தான் ரத்தக்குழாய்களைத் தனியே பிரித்தறிய நியூரல் நெட்வொர்க்கை (படங்களைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) பழக்கி, அதை வைத்து ஒட்டத் தொடங்கினோம். கோணல் குறைந்தது, போகவில்லை. லண்டனிலும் பெல்ஜியத்தின் லூவனிலும் கிஃப்ட்-சர்ஜ் என்ற திட்டத்தில் இதோடு ஒளியை ஒலியாக மாற்றிப் பார்க்கும் முறையையும் முயன்றார்கள்: லேசர் துடிப்பை ரத்தம் உறிஞ்சும்போது எழும் மெல்லிய ஒலியைப் பிடித்தால், மேற்பரப்புக்கு அடியில் இருக்கும் குழாயும் தெரியும்.

வீட்டில் யாராவது இரட்டைக் கர்ப்பமாக இருந்தால், 11 முதல் 14 வார ஸ்கேனில் நஞ்சு ஒன்றா இரண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று என்றால் 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை.