இறங்காத விமானமும் இறங்கிய அழகரும்

கேள்வி: சென்னையிலிருந்து நான் வந்த விமானம், மதுரைக்கு மேலே வந்தும் மழை என்று இறங்காமல் வட்டமடித்துவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது. மழையில் இறங்கத் தைரியம் இல்லாதவர் எதற்குப் பைலட் வேலைக்கு வரவேண்டும்? நான் அலைந்த செலவை யார் தருவது? – வாசகர், திருமங்கலம்

பதில்: ‘இறங்க’ என்ற சொல்லை மதுரைப் பக்கத்துக்காரர் இவ்வளவு அலட்சியமாகப் போடலாமா? இறங்குவதற்கென்றே திருவிழா நடத்துகிற ஊர் இது. தங்கைக்குக் கல்யாணம் என்று சீர்வரிசையோடு மலையிலிருந்து புறப்பட்ட அழகர், ஆற்றுக்கு வந்ததும் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்து என்ன செய்தார்? ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று, உள்ளே ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம்’ என்று நினைத்தாரா? வண்டியூர் பக்கம் திரும்பிவிட்டார். விமானக்காரர்கள் பாஷையில் இதற்கு டைவர்ஷன் என்று பெயர். அவரைத் தைரியமில்லாதவர் என்றா சொல்கிறோம்? தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக் குளிர்விக்கிறோம். உங்கள் பைலட்டுக்கும் ஒரு சொம்பு பானகம் கொடுத்திருக்கலாம்.

(பிழைதிருத்துபவர் குறுக்கிடுகிறார்: பைலட் இல்லை, விமானி. எங்களுக்குள் பதினைந்து வருடச் சண்டை. கேட்டவரே பைலட் என்றுதான் கேட்டிருக்கிறார், ஐயா.)

பஸ்காரர் மழையில் ஓட்டவில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓட்டுகிறார். போன ஐப்பசியில் உசிலம்பட்டி பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தேன். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. டிரைவர் ஓரங்கட்டினார், யாரிடமோ ஒரு பீடியை வாங்கிப் பிரித்தார், தூளை உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். தண்ணீர் திட்டுத்திட்டாக நிற்காமல் வழிந்து ஓடியது. செக்கானூரணி வரை பீடிதான் வைப்பர். விமானத்தை ஓரங்கட்ட முடியாது. பீடிக்கும் அனுமதி இல்லை.

வைப்பர் என்றதும் கோழிக்கோடு ஞாபகம் வருகிறது. 2020 ஆகஸ்ட் 7, துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். கொட்டுகிற மழை. முதல் முறை இறங்க வந்தபோது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது; மேலே ஏறிவிட்டார்கள். அதுவரை சரி. மறுபடி ஓடுபாதையின் அடுத்த முனையிலிருந்து வந்தார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஓடுபாதை 8,858 அடி. சக்கரம் தரையைத் தொட்டதோ 4,438 அடி தாண்டி. பாதிப் பாதை தலைக்கு மேலேயே போய்விட்டது. ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காதே, மேலே ஏறு என்று துணை பைலட் (சரி, துணை விமானி) சொல்லியும் கேப்டன் ஏறவில்லை. மேட்டை வெட்டிப் போட்ட ஓடுபாதை அது, முனையில் பள்ளம். விமானம் விழுந்து உடைந்து 21 பேர் இறந்தார்கள், விமானிகள் இருவரும் சேர்த்து. மறுநாள் காலை அங்கிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தையும் அந்த கேப்டன்தான் ஓட்ட வேண்டியிருந்தது. எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்று அவர் நினைத்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறது விசாரணை அறிக்கை. விமானப்படையில் இருந்தவர், 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். தைரியத்துக்கு என்ன குறை?

கோழிக்கோடு எதற்கு, நம் பக்கமே வாருங்கள். 1971 டிசம்பர் 9, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், சரியாகக் கண் தெரியாத வானிலையில் தாழ்ந்து வந்து சின்னமனூர் பக்கத்து மலையில் மோதியது. பட்டப்பகல். 31 பேரில் 21 பேர் போனார்கள். மதுரைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருந்தது. அதுவும் இறங்கத்தான் செய்தது.

நம் ஓடுபாதை வெறும் 7,500 அடி. அதை 12,500 அடியாக நீட்டுவது பற்றி இந்தப் பக்கத்தில் புலம்பிப் புலம்பியே எனக்கு நரை வந்தது. ‘உங்கள் ஊருக்கு எதற்கு ஏர்போர்ட், அந்த இடத்தில் ஆட்டுக்கிடை போடுங்கள்’ என்று கோவை வாசகர் ஒருவர் எழுதினார். அவருக்கான பதில் தயார். அச்சில் ஏற்ற முடியாது.

செலவா? அதை விமானக் கம்பெனியிடம் கேளுங்கள். திருச்சியிலிருந்து பஸ் ஏறியிருந்தால் எப்படியும் மாட்டுத்தாவணியில்தான் இறக்கிவிட்டிருப்பார்கள். அங்கிருந்து திருமங்கலத்துக்கு அந்த மழையில் ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டார் என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.