ஐயரும் பாதரும் போதாதா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்து ஆன்மிக ஆறுதல் தருவதையே வேலையாகச் செய்யும் சாப்ளின்கள் எங்கள் வாட்டுகளிலும் வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தாதி. போன மாதம் எங்கள் வாட்டில் ஒரு அம்மா கடைசிக் கட்டத்தில் இருந்தார். இரவு ஊசி போடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிசி, நான் செத்தா என்ர பொடியனை அங்க காணுவனோ, இல்லாட்டி அவனை இஞ்ச தனிய விட்டிட்டுப் போறனோ?" என்று கேட்டார். மகன் 2009இல் காணாமல் போனவர். "அப்பிடியெல்லாம் யோசிக்காதேங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இரண்டு நாளில் அவர் இறந்துவிட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்று. பார்வை நேரத்தில் சபைக்காரர் சிலர் வந்து, கேட்காதவர்களின் தலையிலும் கைவைத்து ஜெபிக்கிறார்கள். சைவ ஆட்கள் முறைப்பாடு செய்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஆன்மிகப் பராமரிப்பு வந்தால் இந்தச் சண்டை இன்னும் கூடாதா? வெள்ளைக்காரர் நாட்டுக்கு அது சரி. எங்களுக்கு ஐயரும் பாதரும் போதாதா?

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

செத்தவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் எங்கள் ஊரில் ஒழுங்காக வகுத்து வைக்கப்பட்டிருக்கிறது. சைவர்களுக்கு எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம். கத்தோலிக்கருக்கு முப்பத்தோராம் நாள் பூசை, நவம்பர் 2ஆம் திகதி கல்லறையில் மெழுகுதிரி. உயிரோடு இருப்பவருக்கு அர்ச்சனை உண்டு, நேர்த்தி உண்டு. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவருக்கு எதைச் செய்வது? திவசம் கொடுத்தால் பெற்றவளே பிள்ளையைச் செத்தவர் கணக்கில் சேர்த்ததாகிவிடும். கொடுக்காமல் விட்டால், ஒருவேளை அவன் செத்திருந்தால், அவனுக்கு எள்ளும் தண்ணீரும்கூட இல்லை. வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களோடு பேசிப் பழகிய பொலின் போஸ் என்ற ஆய்வாளர் 1970களிலேயே இந்த வகை இழப்பைப் பற்றி எழுதத் தொடங்கினார். துக்கம் முடியாமல் இழுபடுவது அந்த மனிதரின் பலவீனத்தால் வருவதில்லை, அவர் மாட்டிக்கொண்ட நிலைமையே அப்படி என்பது அவர் கருத்து. 2017 பெப்ரவரி 20இல் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிப் பதில் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் வந்து உட்கார்ந்த தாய்மாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள்.

ஆகவே, சரியான பதில் உங்களிடம் இருந்தும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியை இன்னொருதரம் வாசியுங்கள். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "அங்க காணுவனோ" என்பது மறுமையைப் பற்றியது. "இஞ்ச தனிய விட்டிட்டுப் போறனோ" என்பது முழுக்க இந்த உலகத்து விஷயம். எனக்குப் பிறகு அவனை யார் தேடுவார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். இந்தத் தாய்மார் எல்லோரிடமும் ஒரு பொலித்தீன் பை இருக்கும், பார்த்திருப்பீர்கள். மகனின் படம், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களின் போட்டோக் கொப்பி. அந்தப் பை யார் கைக்குப் போகப்போகிறது என்பது ஒரு தாய்க்கு மோட்சத்தைவிடப் பெரிய கவலையாக இருக்க முடியும். அதற்குப் பதில் உண்டு. மகளையோ தங்கச்சியையோ கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வைக்கலாம்.

அவர் கேட்டது இதைத்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, "தெரியேல்லை அம்மா. அவரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்பது. ஒரு நல்ல சாப்ளின் செய்வது பெரும்பாலும் இவ்வளவுதான். "யோசிக்காதேங்கோ" என்பது அன்பான சொல். நாங்கள் எல்லோரும் சொல்லுவது. அதைக் கேட்டவர் அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டார், அதுதான் சிக்கல். இரவு டியூட்டியில் ஒரு முழு வாட்டையும் பார்க்கிற ஒருவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உங்களுக்கு இருந்த நேரம் ஊசி போடும் நேரம். உட்கார்ந்திருப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் வாட்டில் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அது வேலை என்றால் அதற்குப் படிப்பும் உண்டு. அமெரிக்காவில் அந்தப் படிப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அன்ரன் பொய்சன். தானே 1920இல் மனநல வைத்தியசாலையில் நோயாளியாகக் கிடந்தவர். பிறகு மாசச்சூசெட்ஸில் உள்ள வூஸ்டர் மனநல வைத்தியசாலையில் சாப்ளினாகி, 1925இல் இறையியல் மாணவர்களைப் புத்தகத்திலிருந்து எழுப்பி வாட்டுக்குக் கூட்டிப்போனார். இன்று அங்கே தகுதிபெற்ற சாப்ளினாக, 400 மணித்தியாலம் கொண்ட பயிற்சி நான்கு முடிக்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது ஒரு பயிற்சி. மாணவர் நோயாளியோடு பேசியதை, ஞாபகத்திலிருந்து, நாடக வசனம் போல வரிவரியாக எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் சுற்றியிருந்து அதைப் பிரித்து மேய்வார்கள். இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்? இங்கே செபம் சொன்னது அவருடைய பயத்துக்கா, உன்னுடைய பயத்துக்கா? எங்கள் சமயப் பெரியவர்கள் ஒரு கிழமையாவது இப்படி உட்கார்ந்து அடிவாங்கினால் நல்லது என்று எனக்கு ஆசை. நடக்காது, தெரியும்.

இனி, ஐயரும் பாதரும் போதாதா என்ற கேள்வி. கத்தோலிக்கருக்கு ஓரளவு போதும். நோயில் பூசுதல் கொடுக்கக் குருவானவர் வருவார், நற்கருணை வரும், ஒரு கன்னியாஸ்திரி எட்டிப் பார்ப்பார். முஸ்லிம் என்றால் குடும்பத்தவரே காதருகில் கலிமா சொல்லிக்கொடுப்பார்கள். சைவரின் நிலைதான் மோசம். கோயில் பூசை செய்கிற ஐயர் சாவுத் துடக்குக்குப் பயந்து வாட்டுப் பக்கம் வருவது அரிது. திருநீறு பூசுவதும் தேவாரம் படிப்பதும் வாயில் பால் விடுவதும் உறவினரின் வேலை. வன்னியில் எத்தனை பேருக்கு உறவினர் மிஞ்சியிருக்கிறார்கள்? பிள்ளைகள் கனடாவில், கணவன் முள்ளிவாய்க்காலில் என்று தனியாகக் கிடக்கும் ஆச்சிக்கு யார் தேவாரம் படிப்பது?

மற்றப்படி வன்னிக்கு இது புதிதில்லை. வயலில் பாம்பு கடித்து வருகிறவர் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைப்பார். சுகமானதும் டொக்டருக்கும் தம்பிரானுக்கும் சேர்த்தே நன்றி சொல்வார். எந்த டொக்டரும் அதற்குக் கோபித்ததாக நான் கேள்விப்படவில்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கில் வேலை செய்தபோது, மனதை அமைதிப்படுத்தும் பயிற்சிக்கு அவரவர் சமயத்துச் சொல்லையே பயன்படுத்தினார். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்று. 2014இல் உலக சுகாதாரப் பேரவையின் தீர்மானமும், உடல் வலி போலவே ஆன்மிகத் துயரைத் தணிப்பதும் சுகாதாரப் பணியாளரின் கடமை என்று சொல்லிவிட்டது. அதற்காக மருத்துவ அத்தியட்சகரிடம் தீர்மானத்தின் நகலை நீட்ட வேண்டாம், எரிச்சல்படுவார்.

சபைக்காரர் விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் அடிவாங்கப்போகிறேன். சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் மனிதர் எழுந்து போக முடியாது, "வேண்டாம்" என்று சொல்லவும் கூச்சப்படுவார். அவர் தலையில் கேட்காமல் கைவைப்பது தப்பு. எந்தக் கடவுளின் பெயரில் வைத்தாலும் தப்பு. அதே நேரம், மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, யாருமே இல்லாத ஒருவரோடு அரை மணித்தியாலம் கதைப்பதும் அவர்கள்தான். முறைப்பாடு எழுதுகிற சைவ அன்பர்கள் அந்தக் கட்டிலுக்கு எத்தனை தரம் போனார்கள்?

சாப்ளின் முறை வந்தால் சண்டை கூடும் என்கிறீர்கள். குறையும் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியதிலிருந்தே சாப்ளின்கள் வைத்தியசாலையின் ஊழியர்கள். சம்பளம் தருவது வைத்தியசாலை, ஆகவே பொறுப்புச் சொல்வதும் அங்கேதான். நோயாளியைத் தங்கள் பக்கம் இழுக்கத் தடை. இந்துச் சாப்ளினும் முஸ்லிம் சாப்ளினும் இருக்கிறார்கள். எந்தச் சமயமும் இல்லாதவரும் அந்த வேலையில் இருக்கிறார். வார்ட்டில் ஒரு முஸ்லிம் நோயாளி இமாமைக் கேட்டால் கிறிஸ்தவச் சாப்ளின்தான் போன் எடுத்துக் கூப்பிடுவார். விதி இல்லாத இடத்தில்தான் யாரும் யாருடைய தலையிலும் கைவைக்கலாம்.

எங்கள் அரச வைத்தியசாலைகளில் இப்படி ஒரு பதவிக்கு இப்போதைக்குச் சம்பளம் வராது. செபக்கூடம் கட்டவும் வெளிக்கிட வேண்டாம். எந்தச் சாமி படம் நடுவில் என்பதிலேயே ஒரு வருடம் போய்விடும். உங்கள் வைத்தியசாலை நலன்புரிச் சங்கத்தில் பேசிப் பாருங்கள். நோயாளியை வாட்டில் சேர்க்கும்போதே, "உங்களைப் பார்க்க யாரும் வரவேணுமோ, ஆர்?" என்று ஒரு கேள்வி. தாதியர் மேசையில் ஒரு போன் பட்டியல்: பங்குத் தந்தை, மௌலவி, பன்சலைப் பிக்கு, ஒரு பாஸ்டர், தேவாரம் படிக்கக்கூடிய ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். சமயமே வேண்டாம் என்பவருக்குச் சும்மா கதைத்துக்கொண்டிருக்க ஒருவர். பட்டியலில் உள்ளவர் கூப்பிட்டால் மட்டும் வரவேண்டும், கூப்பிட்டவரின் கட்டிலுக்கு மட்டும் போகவேண்டும். இவர்களுக்கு உங்கள் மாவட்ட மனநலப் பிரிவு ஒரு நாள் பயிற்சியாவது கொடுக்கட்டும்.

முதல் எதிர்ப்பு பாஸ்டர்மாரிடமிருந்து வரும் என்று நினைக்கிறீர்களா? நான் சைவச் சங்கத்தார் மேல் பந்தயம் கட்டுகிறேன். பட்டியலில் பாஸ்டரின் பெயரைக் கண்டதும் எழும்புவார்கள். அப்போது அந்த ரீச்சரின் பெயருக்கு மேலே இன்னும் இரண்டு சைவப் பெயர் எழுத இடம் விட்டு, பேனாவை அவர்களிடமே கொடுங்கள். யார் யார் எழுதினார்கள் என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.