ஊர்ப் பெயர்களில் நிற்கும் மரங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு நகருக்கு அருகே ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். புளியந்தீவு, நாவற்குடா, மருதமுனை, ஆலையடிவேம்பு என்று நம் ஊர்ப் பெயர்களிலேயே இத்தனை மரங்கள் இருக்கின்றனவே, அவற்றை விதையிலிருந்து முளைக்க வைப்போம் என்று 7ஆம் தரப் பிள்ளைகளோடு தொடங்கினோம். ஆல மரத்தையும் சேர்த்துக்கொண்டோம். பயறு முளைக்க வைத்த அதே முறைதான்: ஜாம் போத்தல், நனைத்த பஞ்சு, மூடி. அதற்கு முன் விதைகளை ஒரு கிழமை வெயிலில் காயவைத்தோம். ஒவ்வொன்றிலும் 20 விதை. மூன்று கிழமையில் புளி மட்டும் ஆறு முளைத்தது. நாவலும் வேம்பும் ஊதிப் பெருத்துப் பிறகு அழுகிவிட்டன. மருதங்காய் அப்படியே கிடக்கிறது. ஆல விதை பஞ்சுக்குள் எங்கே போனதென்றே தெரியவில்லை. பயறு இரண்டே நாளில் முளைக்கிறதே, இவை ஏன் முளைக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். விதையைத் தலைகீழாக வைத்தால் வேர் மேலே போகுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

– ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

அன்பின் ரீச்சருக்கு,

இங்கே விதிவிலக்கு பயறுதான். பிள்ளைகளிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் விதைத்து, ஒன்றாக முளைத்து ஒன்றாக விளைந்ததை அறுத்து, அதிலிருந்தே திரும்பவும் விதைத்து வந்த பயிர் அது. காத்திருக்கும் குணம் அதிலிருந்து பெரும்பாலும் கழிந்துவிட்டது. மரங்களுக்கு அந்தக் குணம் இன்னும் வேண்டும். ஆனியில் தப்பித்தவறி ஒரு மழை பெய்ய, எல்லா விதையும் சேர்ந்து முளைக்க, அடுத்த கிழமையே வறண்ட கச்சான் காற்று அடித்தால் ஒரு கன்றும் மிஞ்சாது. விதை எப்போது முளைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மரமும் தன் வழியில் தீர்த்து வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் காயவைத்து ஒரே மாதிரிப் போத்தலில் அடைத்ததுதான் நடந்த பிழை.

புளியில் 20க்கு 6 என்பது தோல்வி அல்ல. புளியங்கொட்டையின் தோலில் தூண் போன்ற கலங்கள் நெருக்கமாக நின்று நீரை உள்ளே விடாமல் தடுக்கின்றன. வெயிலும் மண்ணின் உராய்வும் விலங்கின் குடலும் அந்தத் தோலை மெல்ல மெல்லத் தேய்க்கும். ஒரு கொட்டை இந்த மாரியில், இன்னொன்று அடுத்த மாரியில் என்று முளைப்பது மரத்துக்கு நல்லது, வகுப்புக்குத்தான் சிரமம். மிஞ்சிய 14 கொட்டைகளையும் எறிய வேண்டாம். ஒவ்வொன்றின் அகன்ற பக்க ஓரத்தையும் சீமெந்துத் தரையில் தேயுங்கள். பழுப்புத் தோலுக்குள் வெளிறிய நிறம் ஒரு பொட்டளவு தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒடுங்கிய முனையைத் தொட வேண்டாம், முளைவேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிறகு ஓர் இரவு சாதாரண நீரில் ஊறட்டும். விடியப் பார்த்தால் நீர் குடித்த கொட்டை கண்ணுக்குத் தெரியப் பெருத்திருக்கும். பெருக்காததை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். சுடுநீர் முறையும் உண்டு. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையின் அளவைப்போல் ஐந்து மடங்கு நீரை அதன்மேல் ஊற்றி, ஆறும்வரை விட வேண்டும். அடுப்பிலேயே வைத்து அவித்தால் முளையம் (விதைக்குள் இருக்கும் இளஞ்செடி) செத்துவிடும். ஊறிய கொட்டையை ஒன்றரை சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒட்டியிருக்கும் புளியை முன்பே நன்றாகக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் முதலில் அங்கேதான் பிடிக்கும்.

நாவலும் வேம்பும் நேர் எதிர். அவை செத்தது போத்தலுக்குள் அல்ல, அதற்கு முன் அந்த ஒரு கிழமை வெயிலில். மிளகாய் விதையையும் புளியங்கொட்டையையும் காயவைத்தால் அவை உறங்கும். நாவல், பலா போன்றவற்றின் விதைக்கு அந்த உறக்கம் கிடையாது. பழத்திலிருந்து விழும்போதே அது ஈரமும் சுவாசமுமாக, பாதி முளைக்கத் தொடங்கிய நிலையில்தான் இருக்கிறது. ஈரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கலங்கள் சிதைந்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது. வேம்பு கொஞ்சம் தாங்கும், என்றாலும் சாதாரண அறையில் சில கிழமைக்குள் அதன் முளைதிறன் வடிந்துவிடும்.

அப்படியானால் அவை ஏன் ஊதின? இதை ஒரு முழுப் பாடவேளைக்கு எடுத்துக்கொள்ளலாம். நீரை உறிஞ்சுவதற்கு விதை உயிரோடு இருக்க வேண்டியதில்லை. உலர்ந்த மாப்பொருளும் புரதமும் நீரை இழுக்கின்றன, அவ்வளவுதான். 10 பயறை ஐந்து நிமிடம் அவித்து, ஆறவிட்டு நன்றாகக் காயவையுங்கள். அதையும் அவிக்காத 10 பயறையும் வேறு வேறாக ஊறப்போடுங்கள். இரண்டும் பெருக்கும், ஒன்றுதான் முளைக்கும். உயிரின் அடையாளம் பெருப்பது அல்ல, முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வருவது.

நாவலை அடுத்த பருவத்தில் இப்படிச் செய்யுங்கள். பிள்ளைகள் பழத்தைத் தின்ற அன்றே கொட்டையைக் கழுவி, அன்றோ மறுநாளோ இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்று வந்தால் வியக்கட்டும், பிடுங்க விடாதீர்கள். அவற்றில் கருக்கட்டலால் வந்தது ஒன்றாகத்தான் இருக்கும், மற்றவை தாய் மரத்தின் இழையத்திலிருந்தே எழுந்தவை. அதாவது தாயின் நகல்கள். வேம்பில் மஞ்சளாகப் பழுத்து விழுந்ததை மட்டும் பொறுக்கி, பிதுக்கி, கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, இரண்டு கிழமைக்குள் படுக்கைவாட்டில் விதையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் ஆழம் போதும். ஐயம் இருந்தால் நாலைந்தை வெட்டிப் பாருங்கள். பருப்பு பச்சை கலந்து ஈரமாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் மிச்சத்தை விதைப்பதில் பயனில்லை.

மருதுக்கு அவசரப்படாதீர்கள். அந்த ஐந்து சிறகுக் காயை இரண்டு நாள், தினமும் நீர் மாற்றி ஊறவைத்து விதைத்தாலும் சில கிழமை முதல் இரண்டு மாதம் வரை எடுக்கும். உள்ளே பருப்பே இல்லாத காய்களும் கலந்திருக்கும். ஆற்றங்கரை மரம் என்பதால் அதன் பாத்தி மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கட்டும்.

ஆல விதை தூசியளவுதான். அவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் உணவு, ஆழத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரப் போதாது. ஆகவே வெளிச்சம் படாமல் அது முளைக்காது. விதையில் பைட்டோகுரோம் என்ற நிறப்பொருள் இருக்கிறது, சிவப்பு ஒளி பட்டால்தான் முளைப்பதற்கு வழி திறக்கும். பஞ்சுக்குள் புதைத்ததே அதைப் பூட்டி வைத்தது போல. நன்றாகப் பழுத்த ஆலம்பழத்தை நீரில் கசக்கி, அடியில் தங்கும் விதையை ஈரச் செங்கல் துண்டின் மேல் தூவுங்கள். மூடாதீர்கள். செங்கலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் ஈரம் கீழிருந்து ஏறும், விதை அடித்துப் போகாது. பழத்துக்குள் ஆலுக்கே உரிய சிறு குளவி புகுந்து மகரந்தம் சேர்த்திருந்தால்தான் விதையில் உயிர் இருக்கும். அதனால் ஒரே பழத்தை நம்பாமல் பல பழங்களிலிருந்து எடுங்கள்.

மூடிய போத்தலும் ஒரு குற்றவாளி. முளைக்கும் விதை கடுமையாகச் சுவாசிக்கும். ஒட்சிசன் காற்றில் பரவுவதோடு ஒப்பிட்டால் நீரில் பரவுவது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவானது. நீர் சொட்டும் பஞ்சுக்குள் விதை மூச்சு முட்டும். பஞ்சை விட்டுவிட்டு இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய கூட்டெரு கலந்து, அடியில் துளையிட்ட பையில் நிரப்புங்கள். புளியின் ஆணிவேர் வேகமாக இறங்கும், பை ஓரடி உயரமாவது வேண்டும். கடற்கரைப் பக்கம் பாடசாலை என்றால் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கோடையில் உவர்த்தால், உப்பு நீரிலிருந்து விதையால் வேண்டிய நீரை இழுக்க முடியாது. வாளியில் பிடித்த மழைநீர் நல்லது. முளைத்த கன்று மண்மட்டத்தில் இழைபோல் மெலிந்து சாய்ந்தால் அது பூஞ்சண அழுகல். நெருக்கமும் மாலை நேரத் தண்ணீரும்தான் பெரும்பாலும் காரணம். காலையில் மட்டும் ஊற்றுங்கள், மேலே ஒரு விரல் காய்ந்த மணல் தூவுங்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு: விதையைத் தலைகீழாக வைத்தாலும் வேர் மேலே போகாது. 1806 இல் தோமஸ் அன்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர், ஓடும் நீர் சுழற்றும் ஒரு சக்கரத்தில் முளைக்கும் விதைகளைக் கட்டி வைத்தார். விதை எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் வேர்கள் சக்கரத்தின் வெளிப்பக்கமும் தண்டுகள் நடுப்பக்கமும் வளர்ந்தன. மேல், கீழ் என்பதை விதையின் கிடப்பு தீர்மானிக்கவில்லை, சுழற்சியின் விசை தீர்மானித்தது. நிலத்தில் அந்த வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. வேர் நுனியின் மூடியில் மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. அவை எந்தப் பக்கம் இறங்கிக் கிடக்கின்றனவோ அதுதான் வேருக்குக் கீழ். போத்தல் சுவருக்கும் ஈரக் கடதாசிக்கும் நடுவே பயறை வைத்து, வேர் இரண்டு சென்ரிமீற்றர் ஆனதும் போத்தலைச் சரித்துப் படுக்க வையுங்கள். மறுநாள் காலையில் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். சரிப்பதற்கு முன் வேரில் இரண்டு மில்லிமீற்றருக்கு ஒரு மைக்கோடு இட்டால், எந்த இடம் நீள்கிறது, எந்த இடம் வளைகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே அளக்கலாம்.

உங்கள் பட்டியலில் பனையையும் சேருங்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் பனங்காடு இருக்கிறதே. பனங்கொட்டையிலிருந்து கீழே இறங்கும் வெள்ளைக் குழாயை எல்லோரும் வேர் என்று நினைப்பார்கள். அது வித்திலையின், அதாவது விதைக்குள் இருக்கும் முதல் இலையின், நீட்சி. முளையத்தையே தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் ஆழமாகப் போய், கோடையின் சூடும் வறட்சியும் எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. கிழங்கு அங்கேதான் திரள்கிறது. மரமாக வளர்க்க நினைக்கும் கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே புதையுங்கள், பிடுங்கி நட்டால் பிழைக்காது. பாத்தியில் போட்டவற்றில் முளை மண்ணில் இறங்கிய பிறகு இரண்டைக் கத்தியால் பிளந்து காட்டுங்கள். உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் பூரான்தான் அந்த வித்திலையின் மறுமுனை. ஓட்டுக்குள் இருக்கும் கெட்டிப் பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்பிக்கொண்டிருப்பது அது. பிள்ளைகள் தின்பதற்கு முன் படம் வரைந்துவிடட்டும்.

அன்புடன்.