டிஸ்டில்லர் அடியில கறை, ஸ்டீல் ஊல் போடலாமா?

கேள்வி: அக்கா, அப்பா தூங்கும்போது மூச்சுக்கு காத்து தள்ளுறதுக்குப் போடுற சிபாப் மெஷினுக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊத்தணும்னு, தண்ணிய கொதிக்க வச்சு ஆவிய திரும்ப தண்ணியாக்குற 4 லிட்டர் டிஸ்டில்லர் ஒண்ணு வாங்கினோம். இப்ப அடியில பிரவுனா கெட்டியா படிஞ்சிருக்கு. வினிகர் ஊத்தி கொதிக்க விட்டேன், வீடு பூரா நெடி. ஸ்டீல் ஊல் போட்டு தேய்ச்சிரலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: வேணாம்மா, ஸ்டீல் ஊலும் வேணாம் கத்தியும் வேணாம். கீறல் விழுந்தா அடுத்த தடவை கறை அந்தக் கீறல்ல போய் இன்னும் கெட்டியா புடிச்சுக்கும்.

அடியில இருக்கிறது பைப்பு தண்ணியில உள்ள கால்சியம், மெக்னீசியம், கூடவே பழைய பைப்பு துரு, கொண்டோ டேங்க் மண்ணு எல்லாம்தான். தண்ணி கட்டாகி திரும்ப வர்றப்ப தேத்தண்ணி கலர்ல வருமே, அந்தத் தண்ணிய டிஸ்டில்லர்ல புடிச்சிராத, தெளியுற வரைக்கும் ஓடவிட்டுட்டு அப்புறம் புடி.

வினிகர் கொதிச்சா அதுல உள்ள ஆசிட்டும் ஆவியாகும், அதான் நெடி. கேக் சாமான் கடையில சிட்ரிக் ஆசிட் பவுடர் கிடைக்கும், அதுல அந்தத் தொல்லை இல்ல. கறை முங்குற அளவு, ஒரு லிட்டர் போல தண்ணி ஊத்தி 2 மேசைக்கரண்டி பவுடர் போடு, ஃபேன் உள்ள மேல் மூடிய மாட்டாம ஆன் பண்ணி லேசா கொதி வந்ததும் ஆஃப் பண்ணி ப்ளக்க புடுங்கிட்டு அப்படியே ராத்திரி பூரா விட்ரு. சூடு ஏறுறப்பவே அடியிலேருந்து பொடிப்பொடியா நுரை கிளம்பும், கறை ஓரத்துல தோல் உரியுற மாதிரி கிளம்பி வரும். காலையில மெத்து ஸ்பாஞ்சால தேய்ச்சு நல்லா அலசு. பிடிவாதமா இருந்தா இன்னொரு தடவை போடு. வானவில் கலர்ல பளபளப்பு தெரிஞ்சா பயப்படாத, சூட்டுல ஸ்டெயின்லஸ் அப்படித்தான் ஆகும். மெஷின தண்ணியில முக்கிராத, கீழ கரண்டு பார்ட்ஸ் இருக்கு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேட்டுக்க: குளோராக்ஸ் மாதிரி ப்ளீச்ச சிட்ரிக் ஆசிட்டோடயோ வினிகரோடயோ சேர்க்கவே கூடாது, குளோரின் கேஸ் கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து.

கறை இவ்வளவு கெட்டியாகுறதே கடைசி சொட்டு வரைக்கும் காய விடுறதாலதான். அடியில அரை கப் தண்ணி இருக்கும்போதே நிறுத்தி, ஆறினதும் அன்னன்னைக்கே கொட்டி அலசிட்டா பாதி வேலை மிச்சம். டிஸ்டில்லர்ல தண்ணி வடியுற வாய்ல வைக்கிற கரி பையையும் மெஷின் புக்குல சொன்ன மாதிரி மாத்து. கழுவினதுக்கப்புறம் முதல்ல வடியுற தண்ணிய அப்பாவுக்கு ஊத்தாத, துணி அயர்ன் பண்ண வச்சுக்க.