கெட்டுப்போன வீட்டு பீரைக் காய்ச்சி வடித்தால் நல்ல சாராயம் கிடைக்குமா?

காய்ச்சி வடித்தல் என்றால், புளித்த பானத்தைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. மதுச்சத்தான எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100-இல். அதனால் ஆவியில் மதுச்சத்து அதிகமாக இருக்கும்.

பீர் வெறுமனே கசந்துபோயிருந்தால் பிழைக்கும்; ஹாப்ஸ் பூவின் கசப்பு பானையிலேயே தங்கிவிடும். கெட்ட வாடை அப்படியல்ல, ஆவியோடு ஏறி வரும். ஊசிப்போன சாம்பாரைக் கொதிக்கவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள், மூடியில் கோத்த நீரும் ஊசல்தான் அடிக்கும். காடியாகப் புளித்துவிட்டதா? பாக்டீரியா மதுச்சத்தையே அமிலமாக்கிவிட்டது, இனி வடிக்க என்ன மிச்சம்? தென்னங்கள்ளு அப்படிப் புளித்தால் வினிகராகவே எடுத்துக்கொள்வார்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம், சட்டம். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிக்கலாம். தமிழ்நாட்டில் அது குற்றம். ஆவி கசிந்தால் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் என்ற விஷச் சாராயம் முழுக்கப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தே வரும்.