பிரான்ஸ் கிராமத்தில் பழைய கல் கொட்டகை வாங்கி விடுமுறை வாடகை வீடாக மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் முடியாது. தென்மேற்கு பிரான்சின் தொர்தோஞ் பக்கம் 45,000 யூரோவுக்கு ஒரு கிராஞ்ச் (கீழே மாடு, மேலே வைக்கோல் இருந்த கல் கட்டடம்), ஆறு மாத வேலை, அடுத்த ஜூலையில் ஜீத்தாக (விடுமுறைக்கு வாடகை விடும் கிராம வீடு) முதல் வாடகை என்கிறீர்கள். பாரிஸ் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் வந்து போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்த ஆறு மாதம் காகிதத்துக்கே போய்விடும். 45,000 என்பது கொட்டகையின் விலை மட்டும்தான். அதை ஆள் தங்கும் நிலைக்குக் கொண்டுவரச் சதுர மீட்டருக்கு 1,500 யூரோவுக்குக் கீழே யாராவது சொன்னால், அவர் எதையோ கணக்கில் விட்டிருக்கிறார். பெரும்பாலும் விடுபட்டிருப்பது கழிவுநீர்.

வாங்குவதற்கு முன் மேரிக்கு (ஊர் மேயர் அலுவலகம்) போங்கள். தரகரை நம்பாதீர்கள், "வீடாக மாற்றலாம்" என்று விளம்பரத்தில் எழுத அவருக்கு ஒரு செலவும் இல்லை. சட்டப்படி கிராஞ்ச் விவசாயக் கட்டடம். அதைக் குடியிருப்பாக்கப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். ஊரின் நில உபயோகத் திட்டத்தில் (பி.எல்.யு.) அந்த இடம் வேளாண் மண்டலத்தில் இருந்தால், பொதுவாக, மாற்றத்துக்குத் தகுதியான கட்டடம் என்று அந்தத் திட்டத்திலேயே குறித்திருக்க வேண்டும். குறித்திருந்தாலும் மாவட்ட விவசாய நிலப் பாதுகாப்புக் குழு சம்மதிக்க வேண்டும். குழு மறுத்துவிட்டால் மேயரே ஆசைப்பட்டாலும் கொடுக்க முடியாது. 50 மீட்டருக்குள், பெரிய கால்நடைப் பண்ணை என்றால் 100 மீட்டருக்குள், பக்கத்து விவசாயியின் தொழுவம் இருந்தாலும் சிக்கல்தான். கூரையும் சுவர்களில் பாதியும் விழுந்து கிடந்தால் கதையே வேறு. அதைக் கட்டடமாகவே பார்க்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்க வழி இருக்கிறது: 'செர்த்திஃபிகா துர்பனிஸ்ம்', அதிலும் 'ஒப்பெராசியொனெல்' என்ற வகை. இன்ன கட்டடத்தை இன்னதாக மாற்றப் போகிறேன், முடியுமா என்று கேட்கும் விண்ணப்பம். கட்டணம் இல்லை. இரண்டு மாதத்தில் பதில் வரும், 18 மாதம் செல்லும். விற்பனை முன்ஒப்பந்தத்தில் "இந்தச் சான்று சாதகமாக வந்தால்தான் வாங்குவேன்" என்று நொத்தேரிடம் (சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி) சொல்லி நிபந்தனையாகப் போட வையுங்கள். விவசாய நிலத்தோடு சேர்ந்த சொத்து என்றால் விவசாய நிலத்தைக் கவனிக்கும் சாஃபேர் அமைப்புக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்கள் பதிலுக்கும் இரண்டு மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

புதிதாக ஜன்னல் திறந்தாலோ, தாங்கு சுவரைத் தொட்டாலோ முழுக் கட்டட அனுமதி தேவை. 150 சதுர மீட்டரைத் தாண்டினால் ஆர்க்கிடெக்ட் கட்டாயம். நம் ஆட்கள் அண்ணன் தம்பி மச்சான் சேர்ந்து எஸ்.சி.ஐ. என்ற சொத்துக் கம்பெனியாக வாங்குவார்கள், அப்படி வாங்கினால் 60 சதுர மீட்டராக இருந்தாலும் ஆர்க்கிடெக்ட் வேண்டும், 150 சலுகை தனிமனிதருக்குத்தான். பக்கத்தில் பழைய தேவாலயமோ கோட்டையோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், பொதுவாக 500 மீட்டர் சுற்றளவுக்குள், அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்தும் வேண்டும். ஓட்டின் நிறம், ஜன்னல் மரம், பூச்சு மணல் வரைக்கும் அவர் சொல்வார். அவரைத் திட்டிப் பதில் எழுதுகிறவர்கள் இந்தத் தளத்தில் நிறைய. சுவரைக் காப்பாற்றும் பொருளைத்தான் அவரும் பெரும்பாலும் கேட்கிறார் என்பது என் கட்சி.

அனுமதி வந்ததும் அதன் விவரம் எழுதிய பலகையைச் சாலையில் தெரியும்படி வையுங்கள். அயலார் ஆட்சேபிக்கும் இரண்டு மாதக் கெடு பலகை வைத்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

இனி கழிவுநீர். கிராமத்தில் பெரும்பாலும் பொதுச் சாக்கடைக் குழாய் இருக்காது. சொந்தத் தொட்டி, அதற்கு ஸ்பாங்க் என்ற உள்ளூர்க் கழிவுநீர்ச் சேவையின் ஒப்புதல். தொட்டித் திட்டம் சரி என்ற அவர்களின் சான்றிதழை இணைக்காமல் கட்டட அனுமதி விண்ணப்பமே முழுமையாகாது. தொட்டி குறைந்தது 3,000 லிட்டர். அது ஐந்து முக்கிய அறை வரை (படுக்கையறையும் கூடமும் கணக்கில் வரும், சமையலறையும் குளியலறையும் வராது). அதற்கு மேல் ஒவ்வொரு அறைக்கும் ஆயிரம் லிட்டர். தொட்டிக்குப் பின் மண்ணில் வடியும் குழாய்ப் படுகை. குடிநீர்க் கிணற்றிலிருந்து 35 மீட்டர் தள்ளி, வேலியிலிருந்தும் மரத்திலிருந்தும் 3 மீட்டர் தள்ளி. களிமண் நிலம் என்றால் தண்ணீர் இறங்காது, மணல் வடிகட்டி கட்ட வேண்டும். சிறிய கிராஞ்ச்கள் நிலமே இல்லாமல், சுவரைச் சுற்றி இரண்டு மீட்டரோடு விற்பனைக்கு வரும். மலிவாகக் கிடைப்பதன் காரணம் பல நேரம் அதுதான்.

விற்பனையாளர் "இடம் குறைவு, மைக்ரோ ஸ்டேஷன் போடுங்கள்" என்பார். மின்சாரத்தில் காற்றூதும் அந்தப் பெட்டி தினமும் ஆள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. ஜீத் அப்படியா? ஆகஸ்டில் எட்டுப் பேர், நவம்பரில் ஒருவரும் இல்லை. உள்ளே இருக்கும் நுண்ணுயிர் பட்டினியில் செத்துவிடும். அடுத்த கூட்டம் வந்த மூன்றாம் நாள் நாற்றம் எழும். விட்டுவிட்டுப் பயன்படுத்தும் வீட்டுக்கு மணல் வடிகட்டி, நாணல் படுகை, அல்லது விட்டுவிட்டு ஓட அனுமதி பெற்ற கச்சித வடிகட்டி. வாங்குமுன் அங்கீகாரத் தாளில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இப்போது சுவர். இங்கேதான் நம் ஆட்களோடு எனக்குச் சண்டை. "எங்கள் மாமா லிமூசின் வட்டாரத்தில் சிமெண்ட் பூசினார், பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார். ஆகாமல் இருக்காது, உள்ளே ஆகிக்கொண்டிருக்கும். கிராஞ்சின் சுவர் 50 முதல் 70 செ.மீ. தடிமன்; வெளியே ஒரு கல் முகம், உள்ளே ஒரு கல் முகம், நடுவில் சல்லியும் களிமண்ணும். அடித்தளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஈரத்தடுப்புப் படலமும் இல்லை. மண்ணின் ஈரம் எப்போதும் ஏறும், கல்லிடுக்குச் சாந்து வழியாக வெளியேறும். சிமெண்ட் பூசினால் வெளியேறும் வாசல் அடைபடும். ஈரம் இன்னும் உயரம் ஏறி, நடுவிலுள்ள களிமண்ணைக் குழைக்கும். வெளிமுகம் வயிறு தள்ளும். குளிர்காலத்தில் உறைபனி பிடித்துக் கல்லின் முகமே சில்லுச் சில்லாகக் கழன்று விழும். சிமெண்ட் அப்படியே இருக்கும், அதன் பின்னால் கல் இருக்காது.

ஆகவே சுண்ணாம்பு. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இல்லை, இயற்கை நீர்ச்சுண்ணாம்பு. மூட்டையில் என்.எச்.எல். என்ற மூன்று எழுத்தும் இருக்க வேண்டும். வெறும் எச்.எல். என்று போட்டிருந்தால் அதில் சிமெண்ட் கலந்திருக்கலாம், விலையும் குறைவாக இருக்கும், எடுக்காதீர்கள். 3.5 எண் சாதாரணக் கல்லுக்கு. மென்மையான சுண்ணாம்புக்கல், மண்சாந்துச் சுவருக்கு 2. 5 எண் பழைய சுவருக்குத் தேவைக்கு மேல் கெட்டி.

முதலில் பழைய சிமெண்டை உளியாலும் சுத்தியலாலும் எடுங்கள். மின் உளி கல்லின் ஓரத்தை உடைக்கும். இடுக்குகளை 2–3 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போகத் தூரிகையால் துடைத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை ஆறவிடுங்கள். பூசுவதற்கு முந்தைய நாள் மாலை சுவரை நனைத்து, காலையில் இன்னொரு முறை. பூசும்போது ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. முதல் பூச்சு வீசியடிப்பது: ஒரு வாளி சுண்ணாம்புக்கு இரண்டு வாளி மணல், தளர்வாக, கரணையால் அறைந்து சொரசொரப்பாக விட வேண்டும், தேய்க்கக் கூடாது. சில நாள் கழித்து நடுப் பூச்சு: ஒன்றுக்கு இரண்டரை, 0/4 மணல் (4 மி.மீ. வரையான பருக்கை), ஒரே தடவையில் 2 செ.மீ.க்கு மேல் போடாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் விட்டு மேல்பூச்சு: ஒன்றுக்கு மூன்று, மெல்லிய மணல், 5–8 மி.மீ. நிறம் மணலிலிருந்து வரும். அந்த ஊர் மணலையே தேடுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழும் 30க்கு மேலும் வேண்டாம், வெயில் நேரே அடிக்கும் சுவரில் நனைத்த சாக்குத் துணியைத் தொங்கவிடுங்கள். இரவில் உறைபனி வரும் மாதங்களில் வெளிப்பூச்சை நினைக்கவே வேண்டாம். இங்கேதான் "ஆறு மாதம்" உடைகிறது.

உட்புறம் குளிர்காப்புக்கு கண்ணாடிக் கம்பளியும் ஜிப்சம் பலகையும் நெருக்கி வைத்தால் ஈரம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பூசணம் பூக்கும். சுண்ணாம்பும் சணல் (ஹெம்ப்) தண்டுச் சில்லும் கலந்த பூச்சு 5–8 செ.மீ. போதும். கல் சுவர் அப்படியே தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அந்தச் சுவர் ஓரம் யாரும் உட்கார மாட்டார்கள்.

தொழுவமாக இருந்த பகுதியில் இன்னொன்று: நூறு வருட மாட்டு மூத்திரம் சுவரில் ஒரு மீட்டர் உயரம் வரை ஏறியிருக்கும். வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் அது உப்பு. அதன்மேல் பூசினால் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கும். சாணி ஊறிய தரை மண்ணை 20–30 செ.மீ. வெட்டி வெளியே போடுங்கள். சுவரில் தியாகப் பூச்சு ஒன்று போட்டு, உப்பை அது இழுத்துக்கொண்டதும் உரித்தெறிந்து, பிறகு உண்மைப் பூச்சு.

தரையை வெட்டும்போது சுவரின் அடிக்கல்லை விட ஆழமாகப் போகாதீர்கள், ஓரத்தில் சரிவு விடுங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் கொட்டினால் தரைக்கு அடியிலுள்ள ஈரம் முழுவதும் சுவர்களுக்குள் திரும்பும். 40/80 கல்லை (40 முதல் 80 மி.மீ. அளவு) 20 செ.மீ. பரப்பி, அதற்குள் காற்றுக் குழாய் விட்டு, மேலே 10 செ.மீ. சுண்ணாம்புத் தளம் போடுவதுதான் இந்தக் கட்டடங்களுக்குப் பொருந்தும். வெளியே வடிகால் தோண்டினால் சுவரிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள்.

மேல்தளத்தில் பெரும்பாலும் நடக்கும் கொலை ஒன்று உண்டு. கூரைச் சட்டத்தின் அடியில் சுவருக்குச் சுவர் ஓடும் ஓக் விட்டம் நெஞ்சுயரத்தில் குறுக்கே வரும். படுக்கையறைக்குள் நடக்க இடைஞ்சல் என்று அதை அறுத்துவிடுவார்கள். கூரையின் எடை சுவர்களை வெளிப்பக்கம் தள்ளாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த விட்டம்தான். தொர்தோஞில் கல் பலகை வேய்ந்த கூரை சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கும் மேல் இருக்கும். அறுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இடைஞ்சல் என்றால் தச்சரை வைத்து விட்டத்தை உயரத்துக்கு மாற்றி, சட்டத்தைப் பலப்படுத்தலாம், அதற்குக் கணக்குப் போட இஞ்சினியர் வேண்டும். நாட்டு ஓடு என்றால் பழைய ஓட்டை வீசாதீர்கள்: கவிழ்த்து வைக்கும் மேல் வரிசைக்குப் பழையது, நீர் ஓடும் அடி வரிசைக்குப் புதியது. வௌவாலும் கொட்டகை ஆந்தையும் இருந்தால் விரட்டாதீர்கள், பாதுகாக்கப்பட்ட உயிரினம். தண்டனை மூன்று வருடச் சிறை, 1,50,000 யூரோ அபராதம் வரை போகும். அலையலையான சாம்பல் நிறத் தகடு கூரையில் இருந்தால், 1997க்கு முந்தியது என்றால், அஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணிப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வாடகை நடத்தும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுமுறை வாடகைக்குப் பதிவு, ஒவ்வொரு ஜீத்திலும் புகை அலாரம். 15 பேரைத் தாண்டினால் பொதுமக்கள் கூடும் இடம் என்ற தீ விதிகள் தலையில் விழும், ஆகவே 15இல் நில்லுங்கள். நீச்சல்குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூடாரம் நான்கில் ஒன்றாவது கட்டாயம். இல்லையென்றால் அபராதம் 45,000 யூரோ வரை, உங்கள் கிராஞ்சின் விலை. 2024 நவம்பரில் வந்த சட்டத்தால், 2025 வருமானம் முதல், நட்சத்திரத் தரம் வாங்காத ஜீத்துக்கு எளிய வரி முறையில் வரி போடும் முன் வருமானத்தில் 30 சதவீதம்தான் கழிப்பார்கள், அதுவும் 15,000 யூரோ வருமானம் வரை. தரம் வாங்கினால் 50 சதவீதம். தரச் சோதனைக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

"சொந்தக்காரப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள், வேலை தெரியும்" என்று கேள்வியில் ஒரு வரி இருக்கிறது. பதிவில்லாமல் கூலி கொடுத்தால் மறைமுக வேலை, மூன்று வருடச் சிறை, 45,000 யூரோ வரை அபராதம். அதை விடுங்கள், கட்டட வேலைக்கான பத்து வருடப் பொறுப்புக் காப்பீடு இல்லாத ஆள் போட்ட கூரை ஒழுகினால் யாரிடம் போவீர்கள்? மச்சானிடமா? நீங்களே செய்து பத்து வருடத்துக்குள் விற்றாலும், கட்டியவர் என்ற பொறுப்பு உங்கள் மீதுதான். கம்பெனியிடம் கொடுத்தால் கையெழுத்துக்கு முன் காப்பீட்டுச் சான்றிதழை வாங்கி, அதில் கூரை வேலை என்றோ கல் வேலை என்றோ அந்த வேலையின் பெயர் இருக்கிறதா, வேலை தொடங்கும் தேதியில் செல்லுமா என்று பாருங்கள். பெயின்ட் வேலைக்குக் காப்பீடு வைத்துக்கொண்டு கூரை ஏறுகிறவர்கள் உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பிரான்ஸ் என்று எதை எழுதினாலும் கீழே முதல் பின்னூட்டம் "அங்கே வீடு வாங்கினால் விசா கிடைக்குமா" என்றுதான் வருகிறது. சுண்ணாம்பு விகிதத்தைப் பற்றி எழுதினாலும் விசா, கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி எழுதினாலும் விசா. கிடைக்காது. கொட்டகை வாங்கினாலும் கோட்டை வாங்கினாலும் கிடைக்காது. இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் இதே பதில்தான்.