க்யூ கையில் மாட்டிக்கொண்டால்: ஸ்கிராபிள், வேர்டில் கேள்வி பதில்

கையில் வரும் ஏழு ஆங்கில எழுத்துச் சில்லுகளை (டைல்) போர்டில் அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஸ்கிராபிளை இருபது வருடமாக ஆடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆங்கில எழுத்து விளையாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், எனக்குப் பெரிய பெரிய ஆங்கிலச் சொற்கள் தெரியும். ஆனாலும் பத்தாவது படிக்கும் என் தங்கை மகள் என்னைச் சுலபமாக ஜெயித்துவிடுகிறாள். எங்கே தப்பு?

அவளுக்குச் சின்னச் சொற்கள் தெரிந்திருக்கும். இந்த ஆட்டத்தில் சோறு போடுவது இரண்டெழுத்துச் சொற்கள்தான். நாம் ஆடும் காலின்ஸ் அகராதிச் சொற்பட்டியலில் அவை 120-க்கும் மேல் இருக்கின்றன. போர்டில் இருக்கும் சொல்லை ஒட்டி இன்னொரு சொல்லை வைத்தால், மேலும் கீழுமாகச் சேரும் ஒவ்வொரு ஜோடி எழுத்தும் சொல்லாக இருக்க வேண்டும். அந்த ஜோடிகள் தெரிந்தவருக்கு ஒரே முறையில் மூன்று நான்கு சொற்களின் புள்ளி விழும். கை முழுக்க உயிரெழுத்தாக வந்து திணறும்போதும் இவைதான் கைகொடுக்கும். ஏ-ஏ என்றால் ஹவாய்த் தீவின் சொரசொரப்பான எரிமலைக் குழம்பு. ஏ-ஐ என்றால் தென் அமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்ற விலங்கு. ஓ-ஈ ஃபாரோ தீவுகளில் வீசும் சுழற்காற்று. ஒரு நாளைக்கு ஐந்து படியுங்கள், ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

க்யூ வந்தாலே பயமாக இருக்கிறது அண்ணா. யு கிடைக்காமல் கடைசிவரை கையிலேயே தங்கிவிடுகிறது.

யு-வுக்காகக் காத்திருக்காதீர்கள். க்யூ-ஐ என்று ஒரு சொல் இருக்கிறது. சீன மருத்துவம் பேசும் உயிராற்றல் அது. 'சீ' என்று உச்சரிப்பார்கள். போர்டில் 'டாக்ஸி' என்ற சொல் கிடையாகக் கிடக்கிறது, அதன் கடைசி ஐ-க்கு நேர் மேலே எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். க்யூவை அங்கே வைத்து, அதன் வலப்பக்கம் உங்கள் ஐ-யை வையுங்கள். கிடையாக ஒரு க்யூ-ஐ, நெடுக்காக ஒரு க்யூ-ஐ. க்யூவுக்கு 10 புள்ளி, மும்மடங்கில் 30, ஐ-க்கு 1, ஆக 31. இரண்டு பக்கமும் சேர்த்து 62. இரண்டே டைலில்! முதன்முதலில் இதைப் போட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதோடு அரேபியாவில் மெல்லும் இலையான 'காட்', நம் ஊரில் ஃபக்கீர் என்பதை க்யூ போட்டு எழுதும் வடிவம், ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாயான 'கனாட்' மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். க்யூ பயம் போய்விடும்.

ஏழு எழுத்தையும் ஒரே சொல்லாகப் போட்டால் 50 புள்ளி கூடுதல் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் எதுவும் கண்ணில் படுவதில்லை?

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது அதிகம் நேரும், எனக்கும் நேர்ந்தது. தமிழில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே போவதால், ஏழு டைலையும் வாய்க்குள் உச்சரித்துப் பார்க்கிறோம். ஒரு தடவை ஒலி ஒட்டிக்கொண்டால் பிறகு அந்த வரிசை மனதைவிட்டு நகராது. ஆங்கிலத்தை இங்கே கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் டைல்களைக் கலைத்துக்கொண்டே இருங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். எஸ், ஏ, டீ, ஐ, என், ஈ (S, A, T, I, N, E) ஆறையும் மேசையில் வையுங்கள். ஏழாவதாக ஒரு டி (D) சேருங்கள். 'இன்ஸ்டெட்' வருகிறது. அதையே கலைத்தால் 'ஸ்டெயிண்ட்', 'டிடெய்ன்ஸ்', 'செயிண்டட்'. டி-க்குப் பதில் ஆர் வைத்தால் 'ரீடெய்ன்ஸ்', 'நாஸ்டியர்'. ஜி வைத்தால் 'சீட்டிங்', 'டீஸிங்'. இந்த ஆறெழுத்தோடு ஏறக்குறைய எந்த எழுத்தைச் சேர்த்தாலும் ஏழெழுத்துச் சொல் கிடைக்கும். க்யூவும் ஒய்யும் மட்டும் சேராது. அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் எஸ்-ஸை அற்பப் புள்ளிக்கு விற்கமாட்டார்கள். 100 டைலில் எஸ் நாலே நாலுதான்.

பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தால் போதுமா?

ஜெயிக்கப் போதும். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சில வாரங்களில் அகராதியை மனதில் ஏற்றிக்கொண்டார். ஆனால் அவருடைய நினைவாற்றல் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? பொருளோடு படித்தால் சொல் தங்கும் என்பது என் அனுபவம். சி-டபிள்யூ-எம் என்று மூன்று எழுத்து, ஏ-ஈ-ஐ-ஓ-யு ஒன்றும் இல்லை. எத்தனை முறை படித்தும் மறந்துபோனது. வேல்ஸ் மொழியில் பள்ளத்தாக்கு, எவரெஸ்ட் ஏறும் வழியில் வரும் 'வெஸ்டர்ன் கூம்' அதுதான் என்று தெரிந்த பிறகு மறக்கவில்லை.

தமிழ்ச் சொற்களை வைக்கலாமா?

ஆங்கில அகராதிக்குள் போனவற்றை வைக்கலாம். இட்லி, தோசை இரண்டும் செல்லும். கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனது. 12 எழுத்து என்பதால் போர்டில் வைக்க வாய்ப்பு அரிது. எனக்குப் பிடித்தது நம் சுருட்டு. 'ஷெரூட்' என்று ஏழெழுத்தாகப் போயிருக்கிறது. 12 புள்ளி, கூடுதல் 50, கட்டத்தின் மடங்கு தனி. வெட்டிவேரும் ஏழெழுத்துதான், ஆனால் பையில் இருக்கும் இரண்டு வி-யும் உங்களுக்கே வர வேண்டும்.

ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்பில் கண்டுபிடிக்கும் வேர்டிலில், 'ஐட்' (ight) என்று முடியும் சொல்லில் மாட்டிக்கொள்கிறேன். லைட், நைட், ஃபைட், மைட் என்று ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிடுகிறது.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு வாய்ப்பைச் செலவழித்து 'ஃபிலிம்ஸ்' போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வரியில் சோதனையாகிவிடும். இந்த நான்கில் எது நிறம் மாறுகிறதோ அதுதான் முதல் எழுத்து. ஒன்றும் மாறவில்லை என்றால் நைட், ரைட், டைட் பக்கம் போகலாம். கண்டுபிடித்த எழுத்துகளை அடுத்த வரியிலும் வைத்தே ஆக வேண்டிய 'ஹார்ட் மோடு' போட்டிருந்தால் மட்டும் இது முடியாது.

வி வந்தால்?

வி சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் கிடைத்த முதல் நல்ல இடத்தில் இறக்கிவிடுங்கள். இடமே இல்லை, பையில் ஏழு டைலாவது மீதம் இருக்கிறது என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.